ஆன்ம அழியாமை விவாதம் (மறுமலர்ச்சிக் காலம்)

மனித ஆன்மா உடலோடு அழியுமா, நிலைக்குமா என்பது குறித்து 15, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் நடந்த மெய்யியல் விவாதம். அரிஸ்டாட்டிலுக்கு எழுந்த உரைவேறுபாடுகளே இதன் வேர். மாந்தர் அனைவருக்கும் அறிவு ஒன்றே என்றார் உரையாசிரியர் இப்னு ருஷ்து. ஆன்மா உடலோடு மடியும் என்றார் மற்றோர் உரையாசிரியரான அலெக்சாந்தர். 1513இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் இவ்விரு கருத்துகளையும் கண்டித்தது.

பொலோஞாப் பேராசிரியர் பியெத்ரோ பொம்பொனாட்சி 1516இல் வெளியிட்ட நூலே விவாதத்தின் உச்சம். மனப்படிமம் இன்றி அறிவு எதையும் எண்ணாது; படிமத்துக்கு உடல் வேண்டும்; ஆகவே அழியாமையை இயற்கை அறிவால் நிறுவ இயலாது என்பது அவர் வாதம். மறுமை இல்லையெனில் அறம் குலையும் என்ற மறுப்புக்கு, அறத்தின் பயன் அறமே எனத் துணிவாக விடையளித்தார். சமய நம்பிக்கையால் அழியாமையை ஏற்பதாகவும் எழுதினார். வெனிசில் நூல் எரிக்கப்பட்டது. 1518இல் மெய்யியலாளர் அகொஸ்தினோ நீஃபோ அதற்கு மறுப்பு எழுதினார். பொம்பொனாட்சி 1525இல் இறக்கும்வரை பொலோஞாவிலேயே கற்பித்தார்.