மித் கம்ர் வங்கியும் மக்கள் தேர்வும்

இசுலாமிய நெறிவழி நடைபெறும் வங்கியை மக்கள் நாடுவது எதனால் என்னும் வினாவிற்குச் சமயப்பற்று என ஒரே சொல்லில் விடை கூறுவாருளர். அவ்விடை பொய்யன்று; ஆயினும் முழுமையுடையதன்று. எகிப்து நாட்டு வரலாற்றைத் துணையாகக் கொண்டு அதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குர்ஆன் வாணிகத்தை ஏற்று, 'ரிபா'வை விலக்குகின்றது. மிகுதல், வளர்தல் என்பன அவ்வரபுச் சொல்லின் பொருள்கள். வங்கி வட்டியும் அதன்பாற்படும் என்பது இசுலாமியச் சட்ட அறிஞருட் பெரும்பாலோர் கொள்கை. ஆதலின், அக்கொள்கையிற் பற்றுடையோர்க்கு வட்டி வங்கியின் வாயில் அடைபட்டதாகவே இருந்தது.

இந்நிலையில், நைல் ஆற்றுக் கழிமுகத்திலுள்ள மித் கம்ர் என்னும் ஊரில் 1963ஆம் ஆண்டில் அகமது அல்-நஜ்ஜார் என்பார் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். செருமனியிற் பயின்ற அவர், அந்நாட்டு உள்ளூர்ச் சேமிப்பு வங்கிகளை முன்மாதிரியாகக் கொண்டார். சேமிப்புக் கணக்கிற்கு வட்டி இல்லை. எனினும் அக்கணக்குடையார் சிறு கடனை வட்டியின்றிப் பெறலாம். முதலீட்டுக் கணக்குடையார் இலாபத்திற் பங்கு பெற்றனர். ஜகாத் நிதியொன்று வறியோர்க்கு உதவிற்று.

ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அற்றை அரசியற் சூழலில் அவ்வங்கி 'இசுலாமிய' என்னும் அடைமொழியைப் பூண்டிலது. பெயர் கூறாவிடினும் செயல் கூறிற்று. தம் ஊரில், தம் கொள்கைக்கு மாறின்றி, வேண்டுங்காற் கடனுந் தருவதாக அது விளங்கிற்று. சிற்றூர் மக்கள் அதனை நாடியது இவை ஒருங்கமைந்தமையால் என்க. 1967இல் அது தன்னுரிமையிழந்து அரசு வங்கியொன்றன்பாற் சேர்ந்தது.

இதற்கு மறுதலையானதொரு நிகழ்ச்சியையும் அந்நாடே கண்டது. 1980களில், இசுலாமிய முதலீடு என்னும் பெயரால் நிறுவனங்கள் பல மக்களிடம் பணந் திரட்டின. ஆண்டிற்கு 20 விழுக்காட்டிற்கு மேற்பட்ட ஊதியமும் அளித்தன. 1988இல் அரசு சட்டமியற்றி அவற்றை நெறிப்படுத்த முற்பட்டகாலைப் பெருநிறுவனங்கள் சில வீழ்ந்தன. பணமிட்டோர் பலர் முதலையே இழந்தனர். முன்னதன்கண் பெயரின்றிச் செயலிருந்தது. பின்னதன்கண் செயலினும் பெயரே மிக்கிருந்தது.

பிற்கால ஆய்வுகளும் இவ்விருமையைப் புலப்படுத்துகின்றன. ஜோர்டான் நாட்டு வாடிக்கையாளரைப் பற்றி 1989இல் வெளிவந்த ஆய்வு, சமய நோக்கம் தலைமைக் காரணமன்று என முடிவு செய்தது. பஹ்ரைன் நாட்டைப் பற்றி 1998இல் வெளிவந்த ஆய்வோ, சமயத்தை முதலாவதாகவும் இலாபத்தை அடுத்ததாகவும் வைத்தது. இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுத்தல் வேண்டா. அடைபட்ட வாயிலின் முன் நின்றார்க்குச் சமயம் முதற்காரணமாதல் இயல்பு. பல வங்கிகளுள் ஒன்றைத் தேர்வார் கட்டணம், விரைவு, நற்பெயர் ஆகியவற்றையும் எண்ணுவர்.

ஆகவே, சமயப்பற்று மக்களை வங்கியின்பாற் செலுத்தும் காரணங்களுள் ஒன்று. அவர்தம் பொருளைக் காக்கும் அரண் அன்று. கணக்கின் தூய்மையே அவ்வரண் என்பதை எகிப்தியர் பெற்ற இழப்பு நன்கு உணர்த்துகின்றது.