பென்ஸ் கூப்பேக்கு வி8 இயந்திரம்: சக்கரம் வரை எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

ஆயர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் மேட்டில் ஏறும் பழைய பென்ஸ் கார்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் 300சிஇ என்ற இரண்டு கதவுக் கூப்பே அரிது. அதிலும் அரிது, 1980-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஏஎம்ஜி பட்டறை மாற்றியமைத்த ‘ஹாமர்’. 1967-இல் தொடங்கிய ஏஎம்ஜி அப்போது தனி நிறுவனம். பென்ஸ் அதை இன்னும் வாங்கியிருக்கவில்லை.

300சிஇ-யின் ஆறு சிலிண்டர் இயந்திரம் சுமார் 180 குதிரைத்திறன் தரும். ஏஎம்ஜி அதைக் கழற்றிவிட்டு பெரிய வி8-ஐப் பொருத்தியது. 6.0 லிட்டர் வகையின் திறன் சுமார் 385; முறுக்குவிசை 260 நியூட்டன் மீட்டரிலிருந்து 560-க்கு மேல் போனது.

இயந்திரத்தை மட்டும் மாற்றினால் கதை முடியாது. முதல் கியரின் விகிதம் 3.68, பின் டிஃபரென்ஷியலின் விகிதம் 2.82 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பழைய இயந்திரத்தில் பின் அச்சுக்கு ஏறக்குறைய 2,700 நியூட்டன் மீட்டர் போகும்; வி8-இல் 5,800-ஐத் தாண்டும். இதைத் தாங்குவது கியர்பாக்ஸும், நீள ஷாஃப்டும், அதன் இரு முனை ரப்பர் கப்ளிங்குகளும், டிஃபரென்ஷியலும்தான். அதனால்தான் ஏஎம்ஜி, எஸ் கிளாஸ் வி8 கார்களின் நான்கு கியர் ஆட்டோ கியர்பாக்ஸையும் கனமான பின் டிஃபரென்ஷியலையும் எடுத்துப் பொருத்தியது.

அந்த டிஃபரென்ஷியலுக்குள் இருந்தது டார்சன் பற்சக்கர அமைப்பு. சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு சக்கரம் ஈரத்தில் வழுக்கினால் மற்றதற்கும் விசை குறைந்துவிடும். டார்சன், பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் விசையைத் திருப்பும். மழை பெய்த மலை வளைவில் இதன் அருமை தெரியும். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் அதனாலும் பெரிதாக உதவ முடியாது.

நம் ஊரில் ஹாஃப் கட் இயந்திரம் வாங்கிப் பொருத்துவோர் பெரும்பாலும் இந்தப் பின்பாதியை மறந்துவிடுகிறார்கள். கிளம்பும்போது ‘டக்’ என்று அடிக்கும் சத்தம் கேட்டால் முதலில் ரப்பர் கப்ளிங்கில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைவான பாகம்தான், அறுந்தால் ஷாஃப்ட் அடித்தளத்தையே பெயர்த்துவிடும். ஆட்டோ கியர்பாக்ஸுக்குப் பெரிய எண்ணெய்க் குளிரூட்டி கட்டாயம் வேண்டும். மேட்டில் மெதுவாக ஊர்ந்து ஏறும்போதுதான் டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் அதிகம் கொதிக்கும். துன் சார்டோன் சாலையில் இறங்குபவருக்கோ திறன் இரண்டாம் பட்சம்தான், பிரேக்கே முதல் செலவு.

இன்னொரு செலவும் உண்டு. இயந்திர எண்ணும் கொள்ளளவும் கெரானில் பதிவானவை. மாற்றினால் புஸ்பாகோம் சோதனையும் ஜேபிஜே ஒப்புதலும் தேவை. காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படலாம். தீபகற்பத்தில் தனியார் செடான், கூப்பே கார்களின் சாலை வரி சிசி கணக்கில்தான் ஏறும். 3.0 லிட்டருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 ரிங்கிட். 6.0 லிட்டராகப் பதிவு செய்தால் அது 15,000 ரிங்கிட்டைத் தாண்டும்.