பல்செட் கொக்கி: தங்கம் போய் கோபால்ட் வந்த கதை

இந்த எபிசோட் ஒரு சின்னக் கொக்கியைப் பத்தி. ரெண்டு மூணு பல் விழுந்தவங்க கழற்றி மாட்டுற பல்செட் போடுவாங்க இல்லையா, அது நழுவாம இருக்க, பக்கத்துல நிக்கிற சொந்தப் பல்லைச் சுத்திப் பிடிக்கிற கம்பி. டாக்டர்கள் கிளாஸ்ப்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல ஒரு பாட்டாவால மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் நிம்மதியா திங்க முடியுதாங்கிறது இந்தக் கம்பியைப் பொறுத்தது. இன்னொண்ணும் இருக்கு: கம்பி தப்பா அமைஞ்சா, அது பிடிச்சிருக்கிற நல்ல பல்லும் ஆட ஆரம்பிச்சிடும். மூணு பல்லுக்காகப் போட்ட செட், நாலாவது பல்லையும் கொண்டுபோயிடும்.

பல்லோட பக்கவாட்டுல வயிறு மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். கொக்கியோட நுனி அந்தப் புடைப்பைத் தாண்டி, கீழ உள்ள ஒடுக்கமான இடத்துல போய் உக்காரணும். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் கழற்றும்போதும் விரிஞ்சு, பழைய இடத்துக்கே திரும்பணும். சுருக்கமா, அது ஒரு ஸ்பிரிங்.

19-ம் நூற்றாண்டோட பின்பாதியில பல்செட்டோட அடித்தட்டு, கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கின ரப்பர். குலசேகரம் ரோட்டுல ரெண்டு பக்கமும் நிக்குதே, அதே மரத்தோட பால்தான். வசதி உள்ளவங்களுக்குக் கொக்கி மட்டும் தங்கம். சொக்கத்தங்கம் இல்லை, அது வளைச்சா வளைச்சபடியே நின்னுடும்னு வடசேரியில கோயில் நகை செய்யுற ஆசாரிமாருக்குத் தெரியாததா? செம்பு, வெள்ளியெல்லாம் கலந்து, சூடு காட்டிப் பதப்படுத்தினாதான் ஸ்பிரிங் குணம் வரும். எச்சில்லயும் புளியிலயும் கெடாது. பல்லை மென்மையாப் பிடிக்கும். விலை ஒண்ணுதான் பிரச்சினை.

மாற்று தேடுறது ஜெர்மனியில தொடங்கிடுச்சு. குரூப் கம்பெனி, ஆமா, பீரங்கி செஞ்ச அதே கம்பெனி, 1919 வாக்குல துருப்பிடிக்காத ஸ்டீல்ல பல்செட் செஞ்சு பார்த்தது. அதுக்கு வச்ச பேர் விப்லா. ஜெர்மன்ல ‘பிளாட்டினம் மாதிரி’ங்கிறதோட சுருக்கம். விளம்பரம் அப்பவே அப்படித்தான்!

அமெரிக்காவுல எல்வுட் ஹேன்ஸ் 1907-லயே கோபால்ட்-குரோமியம் கலவைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1920-களோட கடைசியில ஆஸ்டெனல் கம்பெனி அதைப் பல்செட்டுக்குக் கொண்டுவந்தது; வைட்டாலியம்னு பேர். 1934-ல அமெரிக்க அரசு தங்கத்தோட விலையை அவுன்ஸுக்கு 20.67 டாலர்லேருந்து 35 டாலரா ஏத்தினதும், பல் மருத்துவர்கள் பலரும் இந்தப் பக்கம் திரும்பினாங்க. விலை குறைவு, எடையும் ஏறக்குறைய பாதி.

ஆனா விறைப்பு, தங்கக் கலவையைப் போல ரெண்டு மடங்கு. இங்கதான் கதையே இருக்கு. தங்கக் கொக்கியோட நுனியை 0.5 மில்லிமீட்டர் பள்ளத்துல உக்கார வைக்கலாம். அதே அளவுக் கொக்கியைக் கோபால்ட்-குரோம்ல வார்த்து அதே பள்ளத்துல வச்சா, ஒவ்வொரு தடவையும் பல்லை ரெண்டு மடங்கு விசையோட இழுக்கும். அதனால 0.25 மில்லிமீட்டர்தான் கணக்கு. லைப்ரரியை மாத்திட்டு பழைய கான்ஃபிக் ஃபைலை அப்படியே விட்டா என்ன ஆகும்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

நீளமும் முக்கியம். முதல் வருஷ இன்ஜினியரிங்ல படிச்ச கேன்டிலீவர் பீம் ஞாபகம் இருக்கா? நீளம் ரெண்டு மடங்கானா, அதே அளவு வளைக்க எட்டுல ஒரு பங்கு விசை போதும். வார்ப்புக் கோபால்ட்-குரோம் கொக்கிக்கு 15 மில்லிமீட்டராவது நீளம் வேணும்பாங்க. கடைவாய்ப் பல்லைச் சுத்தினா அது கிடைக்கும். அதுக்கு முன்னால இருக்குற சின்னப் பல்லுல கிடைக்காது. அங்க இழுத்த கம்பிதான் நல்லது: உருண்டையா இருக்கும், எல்லாப் பக்கமும் வளைஞ்சுகொடுக்கும்.

நம்ம நாட்டுல 1963 ஜனவரியில வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், நகையில 14 காரட்டுக்கு மேல கூடாதுன்னு சொல்லிச்சு. 1968-ல சட்டமே வந்து 1990 வரைக்கும் நின்னது. ஆசாரிமார் குடும்பங்கள் பட்ட பாட்டுக்குத் தனி எபிசோட் வேணும். பல்செட்டுல இங்க பரவலா நின்னது, அக்ரிலிக் தட்டுல பதிச்ச ஸ்டீல் கம்பி. இன்னைக்கும் அதுதான் மலிவு.

இதுல நம்ம மாவட்டத்துக்கு ஒரு தொடர்பு இருக்கு. 1909-ல ஷோம்பர்க்ங்கிற ஜெர்மன்காரர் மணவாளக்குறிச்சி மணல்ல மோனசைட்டைக் கண்டுபிடிச்சார். அதே மணல்ல இருக்குற இல்மனைட் டைட்டானியத்தோட தாது. டைட்டானியத்தோட விறைப்பு ஏறக்குறைய தங்கக் கலவை அளவுதான். எடை அதைவிட ரொம்பக் குறைவு. நிக்கல் ஒத்துக்காதவங்களுக்கும் பயமில்லை. அப்புறம் ஏன் எல்லாருக்கும் அது இல்லை? 1668 டிகிரியில உருகும், உருகினதும் காத்தோடயும் அச்சோடயும் வினைபுரியும். உள்ள ஓட்டை விழும், மேல்தோல் நொறுங்கும். அதுக்குத் தனி மெஷின் வேணும். இல்மனைட்ல பெரும்பகுதி போறது வெள்ளை பெயின்ட்டுக்கு.

வீட்டுல யாருக்காவது செட் போடப் போறீங்கன்னா, எந்தப் பல்லுல மாட்டுறாங்க, அந்தப் பல் உறுதியா இருக்கான்னு டாக்டர்ட்ட கேளுங்க. அப்புறம், கம்பி லூசாயிடுச்சுன்னு குறடு எடுத்து நீங்களே வளைக்காதீங்க. இழுத்த ஸ்டீல் ஏற்கனவே இறுகிப்போனது; குறடு கடிச்ச இடத்துலயே ஒருநாள் ஒடியும், பெரும்பாலும் சோத்துக்கு நடுவுல.