முகமும் முகமூடியும்

1978 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், ஒன்றையொன்று அறியாத இரு திரைப்படங்கள் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன. ஜோன் கார்ப்பென்டர் அமெரிக்காவில் ஏறக்குறைய 3 இலட்சம் டொலர் செலவில் உருவாக்கிய ‘ஹலோவீன்’ ஒன்று. பாரதிராஜா தமிழில் உருவாக்கிய ‘சிகப்பு ரோஜாக்கள்’ மற்றொன்று. இளம்பெண்களைக் குறிவைத்துக் கொல்லும் ஒருவனே இரண்டிலும் கதையின் மையம். இரண்டுக்கும் பொதுவான மூதாதை ஹிட்ச்கொக்கின் ‘சைக்கோ’ (1960). ஆயினும் முன்னது 2022 வரை 13 படங்களாகப் பெருகிற்று. பின்னது 1980 இல் ‘ரெட் ரோஸ்’ என இந்தியில் மீள எடுக்கப்பட்டதேயன்றித் தொடராக வளரவில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு எழுந்தது என்பதை ஆராய்வது, இத்தகைய தொடர்கொலைப் படங்களுள் எவை காலத்தைத் தாங்கி நிற்கின்றன என்ற வினாவுக்கும் விடைகாண உதவும்.

அமெரிக்கத் தொடர்களின் ஆயுளுக்கு முகமூடியே முதற்காரணம் எனலாம். ‘ஹலோவீன்’ கொலைஞன் அணிந்தது, ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் தலைமைப் பாத்திரத்தின் முகச்சாயலில் கடைகளில் விற்கப்பட்ட மலிவான இறப்பர் முகமூடி. அதற்கு வெண்சாயம் பூசி, உணர்ச்சி எதுவுமற்ற ஒரு முகம் ஆக்கினர். முகமூடிக்குள் எந்த நடிகரும் புகலாம். நடிகர் மாறினும் முதுமையடையினும் கொலைஞன் மாறுவதில்லை. 1980 இல் தொடங்கிய ‘ஃப்ரைடே த தேர்ட்டீன்த்’ தொடரின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். அதன் முதற் படத்தில் கொலை புரிபவள் மகனை இழந்த ஒரு தாய். அவளுக்கு முகமூடி இல்லை. படத்தின் முடிவில் அவளும் இறக்கிறாள். தொடரை வளர்க்க வேண்டியபோது மகனை உயிருடன் கொணர்ந்து, 1981 இல் அவன் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்தனர். இன்று உலகறிந்த ஹொக்கி முகமூடி 1982 இல் வந்த மூன்றாம் படத்திலேயே கிடைத்தது. 2009 வரை 12 படங்கள் எடுக்க அதுவே போதுமானதாயிற்று.

எண்ணிக்கையால் நீண்டவை தரத்தால் நின்றனவா எனின், பெரும்பாலும் இல்லை. ‘ஹலோவீன்’ முதற் படம் இன்றும் நிற்கிறது. அதில் இரத்தம் மிகக் குறைவு. பட்டப்பகலில், ஒழுங்கான வீடுகள் நிறைந்த ஓர் ஊரின் வேலியோரத்தில் ஓர் உருவம் அசையாது நிற்பதே அதன் அச்சம். கார்ப்பென்டர் தாமே அமைத்த சில சுரங்களாலான இசை எஞ்சியதைச் செய்துவிடுகிறது. கொலைஞன் ஏன் கொல்கிறான் என்பதற்கு அப்படம் விடை தரவில்லை. 1981 இல் வந்த இரண்டாம் படம் விடை தந்தது: துரத்தப்படும் பெண் அவனுடைய தங்கையாம்! அன்று தொடங்கிய வீழ்ச்சியைப் பின்வந்தவை சரிசெய்ய இயலவில்லை. 2018 இல் வந்த படம் அத் தங்கை உறவை முற்றாகக் கைவிட்டே முதற் படத்துடன் தன்னை இணைத்துக்கொள்ள நேர்ந்தது. மற்றத் தொடரோ இறப்புகளின் பட்டியல் அன்றி வேறில்லை. மது அருந்தும், காதல் புரியும் இளைஞர் வரிசையாகக் கொல்லப்படுவதில் ஓர் ஒழுக்கப் பிரசங்கம் ஒளிந்திருக்கிறது. இவ்விதிகளைப் பாத்திரங்களே பேசிச் சிரிக்கும் ‘ஸ்க்ரீம்’ (1996) எழுந்தமை வியப்பன்று.

தமிழிலும் முகமூடி இல்லாமலில்லை. ஏ. சி. திருலோகசந்தரின் ‘அதே கண்கள்’ (1967) முகமூடிக் கொலைஞனைக் கொண்டதே. ஆனால் அங்கு முகமூடி இறுதியிற் கழற்றப்படுவதற்காகவே அணியப்பட்டது. யார் என அறிந்ததும் கதை முடிந்தது. ‘சிகப்பு ரோஜாக்கள்’ முகமூடியை அறவே துறந்தது. கொலைஞன் கமல்ஹாசன், அவனை நம்பி மணப்பவள் ஸ்ரீதேவி. இரசிகர் விரும்பும் முகமே கொலைஞனின் முகமாயிற்று. இத் துணிவு இன்றும் பழுதின்றி நிற்கிறது. நிவாஸின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் அவ்வாறே. நில்லாதது காரணங் கூறும் பகுதி. சிறுவயதிற் பெண்களால் அடைந்த காயமே திலீப்பைக் கொலைஞனாக்கிற்று என்கிறது படம். கொலையுண்ட பெண்களின் நடத்தையைக் கொலைக்கு நியாயம்போல் அடுக்குகிறது. கொலைஞனுக்கு இரங்குமாறு பார்வையாளரைப் பணிக்கிறது. இறுதியில் மனைவியின் விசுவாசத்தையும் அவனுக்கே அளிக்கிறது. நட்சத்திர முகத்தை வெறுக்க வைக்க இயலாத வணிகத் தேவை இதனுள் உண்டு.

‘நூறாவது நாள்’ (1984) இத்தாலிய இயக்குநர் ஃபுல்சியின் படமொன்றைத் தழுவியது. மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாகச் சத்யராஜ் தோன்றும் கணங்களுக்காகவே இன்று நினைக்கப்படுகிறது. ‘அர்பன் லெஜென்ட்’ (1998) என்ற அமெரிக்கக் கல்லூரிக் கொலைப் படத்தின் வழிவந்த ‘விசில்’ (2003) பற்றி அவ்வளவும் கூறுவதற்கில்லை.

‘மூடுபனி’ (1980) வேறு வகையினது. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா, கண்டிக்குச் சென்ற பள்ளிச் சுற்றுலாவின்போது டேவிட் லீன் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தை இயக்கக் கண்டதே தம்மைத் திரையுலகுக்கு ஈர்த்ததெனக் கூறியவர். கித்துல்கலையில் அப்படத்தின் பாலம் எழுந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவும் அதன் கதையில் இடம்பெற்றது. மகாவலிமீது மார்கழிக் காலையில் பனி கவிவதைக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று கண்டவருக்கு ‘மூடுபனி’யின் ஒளி அந்நியமாகத் தோன்றாது. உதகையின் வெளிறிய பகலில், செயற்கை விளக்குகளின் பகட்டின்றி, பிரதாப் போத்தன் கிற்றாரை ஏந்திப் பாடுகிறான். கடத்தி வரப்பட்ட ஷோபா கேட்டிருக்கிறாள். அவன் கொலைஞன் என்பதை அக்காட்சியில் எதுவும் நினைவூட்டவில்லை. அச்சம் அங்கேதான் உள்ளது. காரணங் கூறும் குற்றம் இப்படத்திலும் உண்டு. இங்குப் பழி விலைமாதர்மீது விழுகிறது. எனினும் ஷோபாவின் முகம் அக்காரணத்தை ஏற்க மறுக்கிறது. படம் வெளிவருமுன்பே, 1980 மே மாதத்தில், அந் நடிகை மறைந்துவிட்டார்.

மலையகத்தின் இப்பகுதியில் இப்படங்களை மதிப்பிடுவோர் மற்றொன்றையும் கருதாதிருக்க இயலாது. 1987 தொடக்கம் 1989 வரையிலான கிளர்ச்சியிலும் அதனை அடக்கிய வன்முறையிலும் மகாவலியிற் சடலங்கள் மிதந்தன. 1989 ஒக்டோபரில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அல்விஸ் குளத்தைச் சுற்றி இளைஞரின் துண்டிக்கப்பட்ட தலைகள் வைக்கப்பட்டிருந்தன. அக்காலத்தின் முகமூடியும் சாக்குத்தான். சுற்றிவளைப்புகளில் நிறுத்தப்பட்டோரின் முன், கண்களுக்கு இரு துளைகளிட்ட சாக்கை அணிந்த ஒருவன் அமர்த்தப்பட்டான். பிள்ளைகளைச் சாக்கில் இட்டுத் தூக்கிச் செல்வதாகச் சிறுவரை அச்சுறுத்தும் ‘கோணிபில்லா’ என்ற பெயரையே சிங்கள மக்கள் அவனுக்கு இட்டனர். வடக்கிலே தமிழர் ‘தலையாட்டி’ என்றனர். அவன் எவரையும் கொல்லவில்லை. கத்தியும் ஏந்தவில்லை. தலையை மட்டும் அசைத்தான். அசைவு கண்டு கொண்டு சென்றோருக்கு, திலீப்புக்கு இருந்தது போன்ற சிறுவயதுக் காயம் தேவைப்படவில்லை.

1981 இன் அமெரிக்கப் படத்தில் ஒற்றைக் கண்துளையுள்ள சாக்கை அணிந்து அக்கொலைஞன் தோன்றும் காட்சி, தொடரின் இரசிகரால் இன்று பெரிதாக மதிக்கப்படுவதில்லை. ஹொக்கி முகமூடி வருமுன் நேர்ந்த ஒரு தடுமாற்றமாகவே அது எண்ணப்படுகிறது. 1989 க்குப் பின் பிறந்த மாணவர் அதனைக் கண்டு நகைக்கக்கூடும். அவர்தம் பெற்றோர் அருகிருந்து பார்ப்பாராயின், அவர்களும் நகைப்பார்களா என்பது ஐயத்திற்குரியது.