ஆரியச்சக்கரவர்த்தியின் பல்லக்கு: இபின் பதூதாவின் பாதமலைப் பயணம்

1344ஆம் ஆண்டு மாலத்தீவிலிருந்து மாபார் நோக்கிப் புறப்பட்ட இபின் பதூதாவின் கலம், காற்றின் போக்கால் இலங்கையின் மேலைக் கரையை அடைந்தது. 'பத்தாலா' என அவர் குறிக்கும் அத்துறை இன்றைய புத்தளம் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. அங்கு அவரை எதிர்கொண்டவன் ஆரியச்சக்கரவர்த்தி. தாம் மாபார் சுல்தானின் மணவழி உறவினர் எனத் தெரிவித்த பதூதாவை அவன் சிறப்பித்தான். வேண்டுவது யாதென வினவியபோது, ஆதமின் பாதத்தைக் காண்பதே தம் விருப்பம் என்றார் பயணி.

மன்னன் பல்லக்கு ஒன்றும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், தன் பரிவாரத்தார் பதின்மரும், உணவு சுமப்போர் பதினைவரும் உடன்செல்லப் பணித்தான். இப்பட்டியலில் 'ஆண்டுதோறும்' என்னும் சொல்லே வரலாற்றாய்வாளர்க்கு முதன்மையானது. காஞ்சியில் முடிவெய்தும் மணிமேகலைக் காப்பியத்தில் தீவதிலகை இரத்தினத் தீவத்துச் சமந்தமலையின் அடிச்சுவட்டைப் புத்தர்க்குரியதாகவே போற்றுகிறாள். பதினான்காம் நூற்றாண்டிலோ, தமிழ் மன்னனொருவனின் அவையைச் சார்ந்த யோகியர்க்கு அதே சிகரம் முறையான யாத்திரைத் தலமாகிவிட்டது. அவர்கள் தமிழரா, வடபுலத்துச் சித்தரா எனப் பதூதா கூறவில்லை. ஆகவே, 'சிவனொளிபாதம்' என்னும் வழக்கின் தொன்மைக்கு இதனை நேர்ச் சான்றாகக் காட்டுவது மிகை.

அரசியல் வாசிப்பிலும் அதே எச்சரிக்கை வேண்டும். பதூதா ஆரியச்சக்கரவர்த்தியை இலங்கைச் சுல்தான் என்றே அழைக்கிறார். கேகாலைப் பகுதிக் கொட்டகமத் தமிழ்க் கல்வெட்டு ஆரியனின் வெற்றியைப் பாடுவதால் (அதன் காலம் பற்றிக் கருத்து வேறுபாடுண்டு), இரண்டையும் இணைத்து மலைநாடு வரை யாழ்ப்பாண ஆட்சி பரவியதாகக் கொள்வாருளர். ஆயின் அதே பயணநூல், வழியிலுள்ள 'குனகார்' நகரை அந்நாட்டுப் பெருஞ்சுல்தானின் இருப்பிடம் என்கிறது. ஒரே நூலுக்குள் இம்முரண் இருக்க, ஒருபாதியை மட்டும் எடுத்தல் முறையன்று. பல்லக்கு காட்டுவது ஆள்நிலத்தையன்று. பிறர் நிலத்தினூடே யாத்திரிகரைக் காவலுடன் அனுப்பக்கூடிய செல்வாக்கை. மலைவழி யாத்திரிகரைப் பேணும் கடமையைச் சிங்கள அரசர் முன்பே ஏற்றிருந்தனர் என்பதற்கு, கிலிமலைக் கிராமத்தை அவர்க்கென விட்ட முதலாம் விஜயபாகுவின் அம்பகமுவக் கல்வெட்டு சான்று.

2,243 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தின் செங்குத்துப் பாறையில் பத்துச் சங்கிலிகள் இருந்தன. பத்தாவதைப் பற்றியவர் கீழே நோக்கி அஞ்சிக் கலிமா மொழிவர் என்பதால், அது அப்பெயராலேயே வழங்கியது. உச்சியில் பாதத்தருகே ஒன்பது குழிகள். பிற சமய யாத்திரிகர் அவற்றுள் பொன்னும் மணியும் முத்தும் இடுவர். முஸ்லிம் பக்கீர்கள் முந்திச் சென்று அவற்றை எடுத்துக்கொள்வர். பதூதாவின் குழுவினர்க்குக் கிடைத்தவை சில கற்களும் சிறிது பொன்னுமே. அவற்றை வழிகாட்டிக்கே தந்துவிட்டனர்.