ஐம்பது மெகாவாட்டுக்குக் கீழே

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் 2021 இல் திடீரென்று உலகச் செய்தியில் அடிபட்டன. குடிதண்ணீருக்காக இல்லை, குறிகாட்டுவானில் படகுக்குக் காத்து நிற்கிற சனத்துக்காகவும் இல்லை. கரண்டுக்காக.

ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் தாம்போதி இருக்கிறது, நாட்டின் மின்கம்பிகளும் போகின்றன. இந்த மூன்று தீவுகளுக்கும் அது இல்லை. டீசலைக் கடல் கடந்து கொண்டுபோய் எரித்துத்தான் மின்சாரம். மலைநாட்டில் ஆற்றை மறித்துக் கரண்ட் எடுக்கலாம், ஆறே இல்லாத எங்கட தீவுகளில் வெயிலும் காற்றும்தான் மிச்சம். அதனால் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் ஒரு கலப்பு மின்திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் அமைச்சரவை அதை ஒரு சீன நிறுவனக் கூட்டுக்குக் கொடுத்தது. இந்தியா எதிர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டி, வேலை நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச் 1 இல் பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம், இந்தியாவின் நன்கொடை 11 மில்லியன் டொலர். மூன்று தீவுக்கும் சேர்த்துச் சூரியசக்தி 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட். அதோடு பெரிய பற்றரிகள், அவசரத்துக்கு டீசல் இயந்திரங்கள்.

கொழும்பு கதைத்தது, பெய்ஜிங் கதைத்தது, டெல்லியும் கதைத்தது. தீவுச் சனம் கதைக்கிறதுக்குச் சட்டத்தில் எந்த இடம் இருக்கிறது?

1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தை 1988 இல் திருத்தியபோதுதான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு சட்டமானது. அறிக்கை வந்தால் வர்த்தமானியிலும், சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்து, சனம் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்கவேண்டும். இது சின்ன உரிமை இல்லை. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்கு வந்த எதிர்ப்பினால் மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் அனுமதி மறுத்தது. 2012 இல் அது திறக்கப்பட்டபோதும், பகலில் சென் கிளயர் அருவிக்குத் தண்ணீர் விடவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. திட்டம் நிற்கவில்லை, ஆனால் அருவி முற்றாகச் சாகவுமில்லை.

ஆனால் எந்தத் திட்டத்துக்கு இந்த மதிப்பீடு வேண்டும் என்று 1993 வர்த்தமானி ஒரு கோடு போட்டது. நீர்மின் என்றாலும் வேறு புதுப்பிக்கத்தக்க சக்தி என்றாலும் 50 மெகாவாட்டுக்கு மேல் இருக்கவேண்டும். சபரகமுவவில் ஓடைத் தண்ணீரில் ஊர்ச்சனம் நடத்துகிற சிறு நீர்மின் நிலையம் இந்தக் கோட்டுக்குக் கீழே. எங்கட மூன்று தீவும் சேர்ந்த 2.23 மெகாவாட்டும் கீழேதான். காப்புக்காடு, சரணாலயம் மாதிரியான இடங்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் அங்கேயும் ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையோடு விஷயம் முடியலாம். 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த அறிக்கையைச் சனம் பார்க்கலாம், கருத்துக் கேட்பது கட்டாயமில்லை.

ஆசிய அபிவிருத்தி வங்கிக்கும் மக்களோடு கலந்தாலோசிக்கும் விதி இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். இருக்கிறது. ஆனால் அது கடன் தருபவரின் விதி. காசு வரும் திசை மாறினால் அந்த விதி கூடவே வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நாட்டின் சட்டம் தருகிற உரிமைதான் எங்களோடு நிற்கும்.

நாங்கள் திட்டத்துக்கு எதிரில்லை. டீசல் புகையைவிட வெயில் நல்லது. ஆனால் சில ஆயிரம் பேர் வாழும் தீவில் 2 மெகாவாட் சின்ன விஷயமில்லை. சூரியத் தகடுகள் எந்த மேய்ச்சல் நிலத்தை மூடும்? நெடுந்தீவுக் குதிரைகள் எங்கே போகும்? சுண்ணாம்புக்கல்லில் தோண்டினால் கிணற்று நன்னீருக்கு என்ன ஆகும்? காற்றாலை வலசைப் பறவைகளின் வழியில் நிற்குமா? பழுதான பற்றரிகளை எந்தப் படகில், யார் திருப்பி ஏற்றுவார்கள்? இதற்கெல்லாம் பதிலின் பாதி அந்த மண்ணில் நடக்கிற ஆக்களிடம் இருக்கிறது.

ஒரு திட்டம் பெரிசா சின்னதா என்று மெகாவாட்டில் மட்டும் அளக்கக்கூடாது, அது நிற்கிற நிலத்தை வைத்தும் அளக்கவேண்டும். சட்டம் மாறும்வரை எங்களிடம் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அறிக்கையைத் தமிழில் கேட்போம். அதைப் பிரதேச செயலகத்தில் வைக்கச் சொல்வோம். கூட்டத்தை யாழ்ப்பாண நகரத்தில் இல்லாமல், தீவிலேயே, கடைசிப் படகு போக முன்னம் வைக்கச் சொல்வோம்.