அலையாத்திக் காடுகளின் பயன் மதிப்பீடு

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைச் சிதைத்துவிட்டு, பழனி மலை வரை போய்க் கொடைக்கானல் சாலைகளில் மரங்களைச் சாய்த்தது. ஆனால் முதல் அடி கரைக்குத்தான். அந்த அடியைத் தாங்கும் காட்டின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது?

நடக்காமல் போன சேதத்தை எண்ணுவதுதான் இதிலுள்ள சிக்கல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டைப் பகுதியின் 18 மீனவர் குப்பங்களை ஆராய்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும், மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்றனர். அதே தரவுகளை 2006இல் மறுபடி ஆராய்ந்த வேறு சிலர், அந்த ஊர்கள் மேட்டிலும் கடலிலிருந்து தள்ளியும் இருந்ததே பெரும்பாலும் காரணம் என்று மறுத்தனர். காட்டின் மேல் பற்றுள்ளவர்களும் இந்த மறுப்பை ஒதுக்கக்கூடாது. மேட்டு ஊரையும் பள்ளத்து ஊரையும் ஒரே தராசில் வைத்தால் கணக்கு பிசகும்.

ஒடிசாவின் 1999 பெரும்புயல் இதைவிடத் தெளிவான விடைகளைத் தந்தது. பிதர்கனிகா அருகே மூன்று ஊர்களை ஒப்பிட்ட ஆய்வில், அலையாத்தி காத்த ஊரில் குடும்பத்துக்குச் சராசரி இழப்பு 33 டாலர். காடும் மண்கரையும் இல்லாத ஊரில் 44 டாலர். மண்கரை மட்டும் இருந்த ஊரில் 154 டாலர். கேந்திரபாடா மாவட்டத்தின் 409 ஊர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான மற்றொரு ஆய்வு, காடு உயிர்களைக் காத்ததை உறுதிசெய்தது. முன்னெச்சரிக்கை அதைவிட அதிகம் பேரைக் காத்தது என்பதையும் மறைக்கவில்லை.

புயல் வராத ஆண்டிலும் காடு சோறு போடுகிறது. பிச்சாவரத்தில் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்வியபடி, சேற்று நீரில் கைகளால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அந்த இறால் வளர்வது அலையாத்தி வேர்களின் நிழலில். சேதக் கணக்கை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த வருமானம் படாது.

செலவுப் பக்கமும் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து, பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டியது. உப்பேறிக் காய்ந்த நிலத்துக்கு அவற்றின் வழியே ஓதநீர் வந்து போக, கன்றுகள் பிழைத்தன. வாய்க்கால்களில் வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும். தூர்வாரும் கூலியையும் திட்ட மதிப்பீட்டில் எழுத வேண்டும்.